இஸ்திரி போட்ட படம்

என் தம்பி பெண்டாட்டிக்கு எங்கள் வீட்டில் பெயர் குழாய்க்காரி. அந்தப் பெயரை வைத்தது என் தம்பிதான். அவன் குழாய் வேலை பார்ப்பவன். தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், மாடித் தொட்டி, ஒழுகுகிற வால்வு, எதுவானாலும் கூப்பிட்ட குரலுக்கு ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பான். அவளோ ஸ்கேன் மையத்தில் மனுஷ உடம்புக்குள் ஓடுகிற ரத்தக்குழாய்களைக் கம்ப்யூட்டரில் வரைகிறவள். "நான் வெளிக்குழாய், இவ உள்குழாய். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தா உலகத்துல ஒரு சொட்டு ஒழுகாது" என்று கல்யாணமான புதிதில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அப்படியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் அவனுக்கு அக்கா. பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருகிறவள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நாளெல்லாம் கத்திக் கத்தி என் குரல் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி ஆகிவிட்டது. சுபாவமும் கொஞ்சம் அப்படித்தான். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஏன் இல்லை என்று விசாரிக்க வந்த உறவுக்காரர்களின் வாயை நான் அடைத்து அனுப்பிய விதத்தில் யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. அவளுக்காக நான் அப்படியெல்லாம் சண்டை போட்டவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, நாத்தனார் புத்தி இப்படித்தான் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

அவள் வேலை செய்கிற அறைக்கு ஒருமுறை சாப்பாட்டுப் பாத்திரம் கொடுக்கப் போயிருக்கிறேன். மையத்தின் பின்பக்கம், ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய சின்ன அறை. இரண்டு திரை, ஒரு பலகை, மை இல்லாத ஒரு பேனா. ஸ்கேன் மெஷின் ஆளைப் படுக்கவைத்து, ரொட்டியைச் சீவுகிற மாதிரி உடம்பை மெல்லிசு மெல்லிசாகப் படம் எடுத்துக் கொடுத்துவிடும். கத்தி படாமல்தான். ஒவ்வொரு சீவலும் சாம்பல் நிறத்தில் ஒரே குழப்பம். எனக்கு மழை வரப்போகிற வானம் மாதிரித் தெரிந்தது. அவள் பேனாவை அந்தப் பலகையில் ஓட்டி, ஒவ்வொரு சீவலிலும் ஓரம் ஓரமாகக் கோடு இழுப்பாள். நல்ல ரத்தம் போகிற குழாய்க்குச் சிவப்பு, கெட்ட ரத்தம் திரும்புகிற குழாய்க்கு நீலம், கணையத்துக்கு மஞ்சள், கட்டி இருந்தால் அதற்குப் பச்சை. எல்லாச் சீவலையும் முடித்ததும் கம்ப்யூட்டர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முழு உருவமாகக் காட்டும். முன்னே, பின்னே, கீழே என்று எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம்.

"எல்லாத்தையும் விட கணையம்தான் அண்ணி ரொம்ப மோசம்" என்பாள். "கல்லீரல் மாதிரி நான் இங்க இருக்கேன்னு நிக்காது. வயித்துக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும். உடம்புல இருக்கற முக்கியமான குழாயெல்லாம் அதை ஒரசிக்கிட்டுதான் போகும். அங்க ஒரு கட்டி வந்தா, கட்டி எவ்வளவு பெருசுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. குழாயைத் தொடுதா, தொடலையா, அதைத்தான் கேப்பாங்க."

கட்டிக்கும் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய சிவப்புக் குழாய்க்கும் நடுவில் மெல்லிசாகக் கொழுப்பு இருந்தால் வழி இருக்கிறது என்று அர்த்தம். கத்தி அந்த வழியாகப் போகும். கட்டி குழாயோடு ஒட்டிவிட்டால் எந்த டாக்டரும் கையை எடுத்துவிடுவார். ஒருத்தர் பிழைப்பதும் பிழைக்காததும் அந்த இடுக்கில்தான் இருக்கிறது.

அவர்கள் அறையில் இஸ்திரி என்று ஒன்று உண்டு. கையால் கோடு இழுத்துக் கட்டிய உருவம் முதலில் சொரசொரவென்று, படிக்கட்டு படிக்கட்டாக இருக்குமாம். ஒரு பொத்தானைத் தட்டினால் அதெல்லாம் வழுவழுவென்று ஆகிவிடும். அதைத்தான் அவர்கள் இஸ்திரி போடுவது என்பார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் இஸ்திரி மேட்டைத் தேய்க்கும்போது சின்னதாக நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்துத் தேய்த்துவிடும். அதனால் கட்டி குழாய்ப் பக்கம் போகிற இடத்தில் மட்டும் இஸ்திரி போடக் கூடாது, சொரசொரப்பாகவே விட வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். பக்கத்து நாற்காலிக்காரர் ஒருநாள் போட்டுவிட்டார் என்று சாப்பிடும்போது அவள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

"அழகா இருக்கட்டும்னு போட்டாராம். அழகு எதுக்குங்க? கல்யாணத்துக்கா காட்டப் போறோம்? அசிங்கமா இருந்தாலும் உள்ளது உள்ளபடி இருக்கணும்."

"சரிம்மா தாயே, சோத்தைத் தின்னு" என்றான் தம்பி. "உன் இஸ்திரியைக் கேட்டுக் கேட்டு எனக்கே அந்த வேலை வந்துடும் போலிருக்கு."

அவள் பேர் டாக்டர்கள் மத்தியில் அப்படி நிலைத்திருந்தது. அவள் வரைந்திருந்தால் அது அங்கே இருக்கும், அவள் வரையாவிட்டால் இருக்காது என்று சொல்வார்களாம். எனக்கும் அதில் பெருமைதான். கவுன்ட்டரில் பக்கத்தில் இருக்கிறவளிடம் எத்தனையோ தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் தம்பி இளைக்க ஆரம்பித்தான். தொந்தியும் தொப்பையுமாக இருந்தவன், பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டுக்கொண்டான். நல்லதுதானே என்று நானே சொன்னேன். அப்புறம் உடம்பெல்லாம் அரிப்பு. ஒரு காலையில் டீயைக் கையில் கொடுக்கும்போது பார்க்கிறேன், கண் வெள்ளையே இல்லை.

"டேய், இங்க திரும்பு. கண்ணைக் காட்டு."

"என்ன அக்கா, டிக்கெட் செக்கிங்கா?"

"வாயை மூடு. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குடா!"

அவள் சமையலறையிலிருந்து வந்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மஞ்சள் காமாலை என்று நான் நினைத்த இடத்தில் அவள் வேறு எதையோ நினைத்துவிட்டாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

அவள் நினைத்ததுதான். கணையத்தின் தலைப்பக்கம் ஒரு கட்டி. அது பித்தம் இறங்குகிற பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. முதல் வேலையாக வாய் வழியாக ஒரு சின்னக் குழாயை உள்ளே விட்டு அடைப்பை எடுத்தார்கள். "ஊருக்கெல்லாம் குழாய் போட்டவன் நான். கடைசில எனக்கே போட்டுட்டானுங்க" என்று படுக்கையில் இருந்துகொண்டே சிரித்தான். நர்ஸுகள்கூடச் சிரித்தார்கள். அவன் மட்டும் எப்படி எல்லாரையும் சிரிக்க வைக்கிறான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதற்கு அப்புறம் பெரிய ஸ்கேன். அது அவள் மையத்திலேதான் எடுத்தார்கள். அங்கே மேலதிகாரி நல்ல மனுஷர். நீ இதைத் தொடாதே, பக்கத்து நாற்காலிக்காரர் வரையட்டும் என்று சொன்னாராம். சொந்த ஆளின் படத்தைச் சொந்தக் கையால் வரையக் கூடாது என்பது அந்த அறையில் எழுதாத வழக்கம். இவள் கேட்கவில்லை.

"அவரு அவசரக்காரர் அண்ணி. ஓரத்துல அவசரப்படுவாரு. இவரோடதை அவர் கையில குடுத்துட்டு நான் எப்படி உக்காந்திருப்பேன்?"

"உன் கை நடுங்காதா?" என்று கேட்டேன்.

"நடுங்காது. அந்த நாற்காலியில உக்காந்தா நான் பொண்டாட்டி இல்ல."

அப்படித்தான் அவள் நம்பினாள். நானும் நம்பினேன். மேலதிகாரிக்கும் அவளை விட்டால் ஆள் கிடையாது. ஸ்கேனில் அந்த இடம் வேறு மங்கலாக இருந்ததாம். உள்ளே வைத்த சின்னக் குழாயால் சுற்றுப்பக்கம் வீங்கி, எது வீக்கம், எது கட்டி, எது கொழுப்பு என்று டாக்டர்களுக்கே தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அவளைவிடப் பொறுமையாக அதைப் பிரித்துப் பார்க்க யாரும் இல்லை என்று விட்டுவிட்டார்.

பொழுது விடிந்தால் போவாள், பொழுது சாய்ந்தால் வருவாள். கேட்டால் இன்னும் முடியவில்லை என்பாள். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். பிறகு ஒருநாள் நான் கவுன்ட்டரில் இருக்கும்போது வரிசையில் நிற்கிறவர்களையெல்லாம் தாண்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"வழி இருக்கு அண்ணி."

"என்னது?"

"குழாய்க்கும் கட்டிக்கும் நடுவுல வழி இருக்கு. ஒட்டல. நல்லாத் தெரியுது."

நான் கவுன்ட்டரை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டேன். வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள். திட்டட்டும் என்று நின்றேன். அவளைக் கட்டிப்பிடித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஆனால் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. அறுவை டாக்டர் இரண்டு வழி சொல்லியிருந்தார். ஒன்று, உடனே வயிற்றைத் திறந்து கட்டியை எடுப்பது. முழுசாக எடுத்துவிட்டால் நல்ல காலம், ஆனால் பெரிய அறுவை. இன்னொன்று, முதலில் மருந்து ஏற்றிப் பார்ப்பது. கட்டி சுருங்கினால் பிறகு யோசிக்கலாம், சுருங்காவிட்டாலும் கொஞ்ச காலம் நடமாடிக்கொண்டு இருக்கலாம். ஸ்கேனை வைத்து மட்டும் சொல்வதென்றால் கட்டியை எடுக்க முடிவது பாதிக்குப் பாதி என்றார்.

"எனக்கு அந்த ரெண்டாவதுதான்" என்றான் தம்பி. "என்னை அறுக்க வேணாம்."

எங்கள் அப்பா வயிற்றைத் திறந்து தைத்த பிறகு படுக்கையிலேயே கிடந்து போனவர். அவரைத் தூக்கித் தூக்கித் துடைத்தது இவன்தான். அதைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு ஒரே பயம் படுக்கைதான். சாவைக் குறித்து அவன் அவ்வளவாகப் பேசவில்லை. "எத்தனை நாள் இருந்தாலும் சரி அக்கா, கால்ல நிக்கணும். பையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு வீட்டுக்காவது போய் வரணும். அதுவே போதும் எனக்கு" என்றான். அவள் கெஞ்சினாள், அழுதாள், சாப்பிடாமல் இருந்தாள். அவன் அசையவில்லை. நான் கத்தினேன். அதற்கும் அசையவில்லை.

அப்போதுதான் அவள் மாடலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கம்ப்யூட்டரில் கட்டிய உருவத்தைப் பிளாஸ்டிக்கில் வார்த்துத் தருகிற மெஷின் ஒன்று அவர்களிடம் உண்டு. அறுவைக்கு முன்னால் டாக்டர் கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பதற்காகச் செய்வார்கள். நிஜத்தைவிட இரண்டு மடங்கு பெரிசு. சாப்பாட்டு மேஜைமேல் அதை வைத்தாள். வழுவழுவென்று, கடைக் கண்ணாடிக்குள் வைக்கிற பொம்மை மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. மஞ்சளாகக் கணையம், அதைத் துளைத்தும் ஒட்டியும் போகிற சிவப்பும் நீலமும், ஒரு மூலையில் பச்சையாக அந்தப் பாழாய்ப்போன கட்டி. என் தம்பியின் வயிற்றுக்குள் இருப்பதை மேஜைமேல் பார்க்கிறோமே என்று நான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

அவன் மட்டும் கண்ணை எடுக்கவில்லை. வேலைக்குப் போன வீட்டில் சுவருக்குள் ஓடுகிற குழாயைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். சிவப்பைப் பிடித்துக்கொண்டு மேலே போனான், கீழே வந்தான். "இது மெயின் லைன். இதை மூட முடியாது, இல்ல?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். கட்டியும் சிவப்பும் பக்கத்தில் வருகிற இடத்தில் அவன் விரல் நின்றது. பையைத் திறந்து, குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்தான். ஊதினால் பறக்கிற அவ்வளவு மெல்லிசு அது. ஒரு முழம் கிழித்து, பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் நுழைத்தான். நுழைந்தது. இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் உருவினான்.

"போகுது அக்கா, பாரு" என்றான். குரலே மாறியிருந்தது. "டேப் போற இடத்துல கத்தி போகாதா? இது முடியற வேலைதான்."

அவளைப் பார்த்து, "நீ வரைஞ்சதுதானே?" என்று கேட்டான்.

"நான்தாங்க."

"அப்போ சரி. அறுக்கச் சொல்லு."

டாக்டரும் மாடலைப் பார்த்துவிட்டு, ஸ்கேனில் சந்தேகமாக இருந்த இடம் இதில் விலகித் தெரிகிறது, முயற்சி பண்ணலாம் என்று சொல்லிவிட்டார்.

அறுவை அன்றைக்குக் காலையில் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் ஆகிவிடும், போய் ஏதாவது சாப்பிடுங்கள் என்றார்கள். நாங்கள் கதவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் டீ வாங்கிவரப் போனேன். திரும்பி வருகிறேன், டாக்டர் பச்சை உடையோடு வெளியே நிற்கிறார். மதியம்கூட ஆகவில்லை. இவ்வளவு சீக்கிரம் வெளியே வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. சீக்கிரமே முடிந்துவிட்டது போல என்று முட்டாள் மாதிரிச் சந்தோஷப்பட்டேன்.

"திறந்தோம், மூடிட்டோம்மா" என்றார் அவர். "கட்டியில இருந்து மெல்லிசா ஒரு நாக்கு மாதிரி நீண்டு, பெரிய குழாயோட ஒட்டிக்கிட்டு இருக்கு. மாடல்ல தெரிஞ்ச இடைவெளி உள்ள இல்ல. தொட்டா குழாய் கிழிஞ்சிடும்."

அவர் போன பிறகும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான்தான் பிடித்து உட்கார வைத்தேன். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. "இஸ்திரி" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காமல் எப்படி இருக்கும்? எத்தனை சாப்பாட்டு வேளை அந்தச் சட்டத்தைக் கேட்டிருக்கிறேன்!

"போட்டியா?"

"போட்டேன்."

"நீயா? நீயாடி போட்டே?"

"ரொம்ப அசிங்கமா இருந்துச்சு அண்ணி" என்றாள். "சொரசொரன்னு, பிஞ்சு போன மாதிரி. அவரு உள்ள அப்படி இருக்கறதைப் பாக்க முடியல. யாரோ ஒருத்தர் கையில அதை அப்படியே குடுக்க மனசு வரல. ஒரே ஒரு தடவை தட்டினேன். வழுவழுன்னு ஆச்சு. அந்த இடத்துல வழி தெரிஞ்சது."

"அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?"

"நகம் வெட்டிப் போட்ட அளவுக்கு ஒரு துணுக்கு. வீக்கமா இருக்கும்னு நினைச்சேன். நினைக்கணும்னு இருந்துச்சு. அப்புறம் திரும்பிப் பாக்கல அண்ணி. வழியைப் பாத்ததும் சந்தோஷத்துல உங்ககிட்ட ஓடி வந்துட்டேன்."

நான் கையிலிருந்த டீயை அவள்மேல் ஊற்றவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம். அவளை அந்த நிமிஷம் அடியோடு வெறுத்தேன். மூன்று வேளையும் என் தம்பியோடு சிரிப்பும் சோறுமாகத் தின்றுவிட்டு, ஊரார் படத்துக்கெல்லாம் சட்டம் பேசிவிட்டு, அவன் படத்துக்கு மட்டும் அழகு பார்த்தாளே என்று வயிறு எரிந்தது. டாக்டரும் பார்த்தார், ஸ்கேன் படித்தவரும் பார்த்தார் என்று பின்னால் யார் யாரோ சமாதானம் சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. டேப் நுழைந்தது அவள் செய்த பொம்மையில்.

தம்பிக்குப் புண் ஆறவில்லை. ஒரு ஓரத்தில் சீழ் வைத்து, மறுபடி பிரித்து, மறுபடி கட்டி, அப்படியே இழுத்துக்கொண்டு போனது. புண் ஆறாமல் மருந்து ஏற்ற முடியாது என்றுவிட்டார்கள். கட்டி காத்திருக்குமா? எதைப் பார்த்து அவன் பயந்தானோ அதிலேயே போய் விழுந்தான். வீட்டில் முன்னறையில் கட்டிலைப் போட்டோம். பக்கத்தில் குளியலறைக் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுக ஆரம்பித்தது. எழுந்து போய் அதை அடைக்க முடியவில்லையே என்று படுத்தபடியே பல்லைக் கடிப்பான். அவளை உள்ளே அனுப்பி, "இடது பக்கம் திருப்பு, அட இடதுன்னா தெரியாதா, நீயெல்லாம் குழாய்க்காரியா" என்று கட்டிலில் இருந்தே சத்தம் போடுவான். அவள் நனைந்துபோய் வெளியே வந்து நிற்பதைப் பார்த்து இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன்.

அவனுக்கு விஷயம் தெரியாது. சொல்லிவிடுகிறேன் என்று அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"சொன்னா உன்னை வீட்டை விட்டுத் துரத்திடுவேன்" என்றேன். "அவனுக்கு மிச்சம் இருக்கறது நீ ஒருத்திதான். அதையும் பிடுங்காத."

ஏனென்றால் அந்த மாடலைத் தலைமாட்டில் வைத்திருந்தான். பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் எடுத்துக் காட்டுவான். "என் பொண்டாட்டி பண்ணது. என் வயித்துக்குள்ள இருக்கறது அப்படியே இருக்கு பாருங்க" என்பான். அவள் அந்த நேரத்தில் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். அவள் இளைத்து அவனுக்குப் போட்டியாகிவிட்டாள். எனக்குப் பரிதாபம் வரவில்லை. வரவில்லை என்றால் வரவில்லைதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அப்புறம் ஒரு மத்தியானம் அவன் தன் பையை எடுத்துவரச் சொன்னான். டேப்பைக் கிழித்து மாடலில் அதே இடத்தில் நுழைத்தான். உருவினான். மறுபடி நுழைத்தான். எங்களைக் கூப்பிட்டான்.

"நான் படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தேன். அந்த டாக்டர் பயந்துட்டான். புது ஆளுங்க சுவத்தைத் தோண்டிட்டுக் குழாய் தெரியலன்னு மூடுவானுங்களே, அந்த மாதிரி. வழி இங்க இருக்குல்ல? டேப் போகுதுல்ல? வேற டாக்டர்கிட்ட போலாம். இன்னொரு தடவை திறக்கச் சொல்லலாம்."

"டேய், உன் உடம்பு தாங்குமாடா?" என்றேன்.

"இவ வரைஞ்சது தப்பாப் போகாது அக்கா. நாளைக்கே யாரையாவது விசாரி. இந்தக் கட்டில்ல கிடந்து சாக என்னால முடியாது."

கவுன்ட்டரில் எத்தனை பேரை ஒரே வார்த்தையில் அனுப்பியிருக்கிறேன், என் தம்பிக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் கட்டிலருகே போனாள். இடுக்கில் இருந்த டேப்பை மெதுவாக உருவி எடுத்தாள்.

"இங்க வழி இல்லைங்க" என்றாள். "இருந்துச்சுன்னு நான் காட்டிட்டேன். இஸ்திரி போட்டுட்டேன்."

அவனுக்கும் அந்தச் சட்டம் தெரியும். வேறு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். எனக்கும் தெரியும் என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"எனக்கு மட்டுமா போட்டே?"

"உங்களுக்கு மட்டும்தான்."

"அப்போ நான் வேணாம்னு சொன்னப்பவே விட்டிருந்தா, இன்னிக்கு நடந்துக்கிட்டு இருந்திருப்பேன்."

"கொஞ்ச நாளாவது நடந்திருப்பீங்க" என்றாள்.

மாடலை அவளிடம் நீட்டினான். "எடுத்துட்டுப் போ. இனிமே வர்றவங்களுக்குக் காட்ட வேணாம்." அவளைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னானா, கண் முன்னால் இருக்கவே வேண்டாம் என்று சொன்னானா, எனக்குத் தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு யாரையும் அதை அடைக்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவனே பேசினான். "என்னை நிக்க வைங்க" என்றான். வேண்டாம் என்றால் கேட்கிற முகமாக இல்லை. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். பாதம் தரையில் பட்டது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவு பெரிய உடம்பு, துணி உலர்த்துகிற கம்பி மாதிரி ஆகியிருந்தது.

"கையை எடுங்க."

நான் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அவள் உள்ளங்கை அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவன் நின்றான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டுவிட்டான். கடவுளே, அப்படியே விட்டுவிடு, சொல்லித் தொலைக்காதே என்று நான் அவளைக் கண்ணால் கெஞ்சினேன்.

"எடுத்துட்டியா?" என்று கேட்டான்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"இல்லைங்க. பிடிச்சிருக்கேன்."

"எடு."

எடுத்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் கால் தரையில் படவில்லை.